குவாட் 303: தனக்கென்று குரலில்லாத ஒரு கருவி

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செப்பனிட முனைபவர்முன் எழும் முதற்கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததன்று, வரலாறு சார்ந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்ட உறுப்புகளை அகற்றிப் புதியனவற்றை இட்டால், எஞ்சுவது அதே கருவிதானா? கோயில் திருப்பணி குறித்தும் ஏட்டுச்சுவடிப் பதிப்பு குறித்தும் நாம் நெடுங்காலமாக வாதிட்டுவரும் வினாவே இது. இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் உருவான குவாட் 303 இவ்வினாவுக்குத் தெளிவானதொரு விடை தருகிறது எனக் கருதுகிறேன்.

பீட்டர் வாக்கர் 1936இல் லண்டனில் தொடங்கிய அக்கௌஸ்டிகல் மானுஃபாக்சரிங் கம்பெனி, போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பின் 1941இல் ஹண்டிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. 1953இல் வெளிவந்த குவாட் II என்னும் வால்வு ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அறுபதுகளில் பிறர் டிரான்சிஸ்டருக்கு மாறத் தொடங்கினர்; லீக் நிறுவனத்தின் ஸ்டீரியோ 30 1963இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. வாக்கரின் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபயரான 303 வெளிவந்தது 1967இல்தான்.

அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் இயல்பை அறிந்தால் அந்த இடைவெளியின் பொருள் விளங்கும். அது சூடேறினால் அதன்வழிப் பாயும் மின்னோட்டம் மிகும். மின்னோட்டம் மிக, சூடு மேலும் ஏறும். முடிவில் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். இதற்கு அஞ்சி ஓய்வுநிலை மின்னோட்டத்தை மிகக் குறைத்து வைத்தால், மெல்லிய ஒலிகள் சிதைந்து கரகரக்கும். 303இல் வெப்பத்தை நன்கு தாங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் மும்மூன்றாகத் தொகுக்கப்பட்டன. ஓய்வுநிலை மின்னோட்டத்தை நிர்ணயிப்பவை சூடேறும் பெரிய டிரான்சிஸ்டர்கள் அல்ல, முன்னிற்கும் சிறியவை. பக்கத்துக்கு 45 வாட் ஆற்றல், 67 வோல்ட்டில் சீராக்கப்பட்ட மின்வழங்கல், ஸ்பீக்கருக்கு முன் 2000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி என அமைந்த இக்கருவி 1985 வரை உற்பத்தி செய்யப்பட்டது.

இனிப் பழுதுக்கு வருவோம். நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று வழங்கும் மின்தேக்கியே முதலில் மூப்படைவது. அதனுள் அலுமினியத் தகடுகளுக்கிடையே ஈரத்தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பல்லாண்டுகளில் அந்த ஈரம் வற்றுகிறது. மின்வழங்கியில் வற்றினால் பாட்டின் பின்னே ஓர் உறுமல் எழும். ஸ்பீக்கருக்கு முன்னே வற்றினால் கீழ்ச்சுருதி மெலியும். அடுத்தது, அளவுகளைத் திருத்துவதற்கான கரிப்பூச்சுச் சுழல்தடைகள். அவற்றின் தொடுமுனை பிடிப்பிழந்தால் ஒலியில் சடசடப்பு தோன்றும். ஓய்வில் 67இன் பாதியாக நிற்கவேண்டிய நடுப்புள்ளி மின்னழுத்தமும் நழுவும்.

நோய் நாடும் முறையும் சுவையானது. நெடுநாள் கிடந்த கருவியை நேரடியாக மின்சாரத்தில் இணைத்தல் கூடாது. இழைபல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் இட்டு, அது மின்னி மங்குகிறதா, எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று உண்டு. பின்பு உள்ளீட்டு வயர்களை இடவலமாக மாற்றிப் பார்க்கவேண்டும். குறையும் உடன் இடம்மாறினால் அது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னே உள்ளது. மாறாவிடில் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ உள்ளது. ஸ்டீரியோ என்பதால் ஒரே சுற்று இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. பழுதற்ற பக்கத்தின் மின்னழுத்தங்களை ஒவ்வொன்றாக அளந்து பழுதுற்ற பக்கத்தோடு ஒப்பிடலாம். ஒரே நூலின் இரு பிரதிகளை அருகருகே வைத்துச் சிதைந்த பாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலையும் இதுவன்றோ? இணைப்பைத் துண்டித்த பின்னும் பெரிய மின்தேக்கிகள் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

மூலவினாவுக்குத் திரும்புவோம். 1927இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக் எதிர்ப்பின்னூட்டம் என்னும் உத்தியைக் கண்டறிந்தார். வெளியீட்டின் ஒரு பகுதியைப் பின்னே கொணர்ந்து உள்ளீட்டோடு ஒப்பிட்டு, பிழையைக் கருவியே திருத்திக்கொள்ளும் முறை அது. 303 போன்றவற்றில் உறுப்புகளின் சிறு வேறுபாடுகள் இதனால் பெரிதும் தணிந்துவிடுகின்றன. 1978இல் ஜேம்ஸ் மாய்ர் நடத்திய கேட்புச் சோதனையில் குவாட் II, 303, 405 ஆகிய மூன்று தலைமுறைக் கருவிகளையும் கேட்டவர்களால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய இயலவில்லை. வால்வோ டிரான்சிஸ்டரோ, தன் குரல் கேளாதிருப்பதே நல்ல ஆம்ப்ளிஃபயரின் இலக்கணம் என்ற கொள்கைக்கு அது சான்றாயிற்று.

அவ்வாறாயின் உறுமலும் சடசடப்பும் கருவி தன் குரலில் பேசத் தொடங்கிவிட்டதன் அடையாளங்கள். செப்பனிடுதல் என்பது அதனை மீண்டும் வாய்மூடச் செய்வது. பழைய மின்தேக்கியைப் ‘பழமையின் இனிமை’ கருதி விட்டுவைப்பவர் உறுப்பைக் காத்து நோக்கத்தை இழக்கிறார். ஆனால் மேம்படுத்துவதாக எண்ணி, கிடைத்த அதிவேக டிரான்சிஸ்டர்களைப் பொருத்துவோரும் தவறுகின்றனர். அத்தகைய மாற்றத்தால் செவிக்கெட்டா அதிர்வெண்ணில் சுற்று தானே அலைந்து சூடேறக்கூடும். மூலத்தின் பொருளை அறிந்து மாற்றுவதற்கும் அறியாது மாற்றுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. அந்த அறிவைத் தருவது கருவியோடு வந்த சுற்றுவரைபடம். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகியும் 303கள் இன்றும் பாடுகின்றன என்றால், தன்னை வாசிக்க இடம்கொடுத்த ஒரு பிரதியாக அது ஆக்கப்பட்டதே காரணம். மூடி ஒட்டப்பட்டு, வரைபடமும் மறைக்கப்பட்டு வெளிவரும் இன்றைய கருவிகள் பலவற்றுக்கு அப்படியொரு பதிப்பாசிரியர் வாய்ப்பது அரிது.