கேஸ் பலூனை வாயில் வைக்கும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

வலீமா, அகீகா, புதுக்கடை திறப்பு என எந்த நிகழ்ச்சியானாலும் வாசலில் கேஸ் பலூன் கட்டுவது விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் பக்கமும் வழக்கமாகி வருகிறது. (பிறந்தநாள் கொண்டாடலாமா என்பது தனி விவாதம். அதற்குள் நாம் இங்கே போகவில்லை.) நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் பலூனை அவிழ்த்து, உள்ளே இருக்கும் வாயுவை வாயால் இழுத்து, கீச்சுக் குரலில் பேசிச் சிரிக்கிறார்கள். பெரியவர்கள் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

ஹீலியம் விஷ வாயு அல்ல. காற்றை விட மிக இலேசானது. அதில் ஒலி ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் செல்வதால் குரல் மாறிக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். ஹீலியத்தில் அது அறவே இல்லை. நுரையீரல் நிறைய ஹீலியத்தை இழுத்தால் புது ஆக்சிஜன் கிடைக்காது. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் நுரையீரல் வழியே வெளியேறத் தொடங்கும்.

மூச்சை அடக்கினால் திணறுகிறதே, அது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால் வருவது. ஹீலியத்தை இழுத்து விடும்போது கரியமில வாயு வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் திணறல் வராது. "இன்னும் ஒரு தடவை" என்று இழுக்கும் பிள்ளை எந்த முன்னறிவிப்பும் இன்றி மயங்கி விழும். தரையில் தலை மோதினால் அது இன்னொரு ஆபத்து.

சிலிண்டர் குழாயில் நேராக வாய் வைப்பது இதைவிட மோசம். அழுத்தத்தில் நுரையீரல் கிழிந்து, வாயுக் குமிழிகள் ரத்தத்தில் கலந்து மூளையை அடைக்கலாம். 2015 ஜனவரியில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவின்போது, குரல் மாற்றுவதற்கென்றே விற்கப்படும் ஹீலியம் டப்பாவை உறிஞ்சிய 12 வயதுச் சிறுமி நினைவிழந்தார். அந்த டப்பாவில் ஆக்சிஜனும் கலந்திருந்தது. அப்படியிருந்தும் இந்த நிலை.

இனி நம் ஊர் விஷயம். இந்தியா தனக்குத் தேவையான ஹீலியத்தை கத்தார், அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. விலை அதிகம். ஆகவே தெருவில் 'ஹீலியம்' என்று விற்பது பல நேரம் ஹைட்ரஜன். அலுமினியத்தையும் காஸ்டிக் சோடாவையும் கொண்டு பழைய சிலிண்டருக்குள்ளேயே தயாரிப்பவர்கள் உண்டு. ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் சூடேறும் என்பது பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்போது வெளிவருவதும் இதே ஹைட்ரஜன்தான். மருந்து அறைக்குள் நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலை மின்சாரத்தை இறக்கும் நாம், தீப்பொறி பட்டால் எரியும் பலூன் கொத்தை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் கட்டி விடுகிறோம்!

2022 அக்டோபர் 2 அன்று, தீபாவளிக் கூட்டம் தொடங்கிய நேரம், திருச்சி கடைவீதியில் பலூனுக்குக் கேஸ் நிரப்பும் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் மாண்டதை இந்த மாவட்டம் அறியும். பலூன் நிரப்பும் இடத்தைச் சுற்றி நிற்பதும் பிள்ளைகள்தானே.

பட்டாசு உரிமங்களைக் கவனிக்கும் மத்திய வெடிபொருள் துறையின் பொறுப்பில்தான் கேஸ் சிலிண்டர் விதிகளும் வருகின்றன. அதன் அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கிறது. அலங்காரக்காரரிடம் சிலிண்டர் எங்கே நிரப்பப்பட்டது என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சோதனைத் தேதி பொறிக்கப்படாத, துருப்பிடித்த சிலிண்டரைத் திருப்பி அனுப்பி விடுங்கள். தெரிந்தே உயிரை ஆபத்தில் தள்ள மார்க்கத்தில் அனுமதி இல்லை என்பதால் இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். சாதாரணக் காற்றடைத்த பலூன் தோரணமும் அழகாகத்தான் இருக்கிறது.

யாராவது மயங்கி விழுந்தால் உடனே காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், பயிற்சி உள்ளவர் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். நினைவு திரும்பினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பலூனிலிருந்து இழுத்தாரா, சிலிண்டரிலிருந்து நேராக இழுத்தாரா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.