வாசலில் ஒரு வடிகட்டி



2006ஆம் ஆண்டு எங்கள் பள்ளிக் கணினியறையில் இணையப் பதிவுப் படிவம் ஒன்றை அமைத்தோம். பெற்றோர் தம் பிள்ளைகளின் பெயர்களை ரோமன் எழுத்திலும் தமிழிலும் நிரப்பினர். ரோமன் பெயர்கள் பிழையின்றிப் பதிவாயின. தமிழ்ப் பெயர்கள் யாவும் சிதைந்திருந்தன. "தமிழ் கணினிக்கு ஒத்துவராது" என்றார் ஒருவர். அச்சொல் என்னைச் சுட்டது. காரணம் தேடினேன், அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருந்தது.

எங்கள் வழங்கியில் இயங்கியது டோம்கேட். சன் நிறுவனத்தில் பிறந்து, 1999இல் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட ஜாவா மென்பொருள் அது. எழுத்துக் குறியாக்கம் இன்னதெனக் கூறாமல் உலாவி படிவத்தை அனுப்பினால், சர்வ்லெட் விதிப்படி வழங்கி அதனை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ-8859-1 என்றே கொள்ளும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். 'அமுதா' என்பதில் 5 குறியீடுகள். ஆக 15 பைட்டுகள். வழங்கி அவற்றை 15 அயற்குறிகளாகப் படித்தது. குற்றம் தமிழினுடையதன்று!

தொடக்கத்தில் நிரலாளர்கள் இதனை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே திருத்தினர். ஒன்று விடுபட்டாலும் பெயர் சிதையும். 2001இல் வெளிவந்த சர்வ்லெட் 2.3 இரண்டு வசதிகளைத் தந்தது. ஒன்று, குறியாக்கத்தை அறிவிக்கும் கட்டளை. மற்றொன்று, கோரிக்கை பக்கத்தைச் சேருமுன் இடைமறிக்கும் வடிகட்டி. அவ்வாண்டே வந்த டோம்கேட் 4 இரண்டையும் ஏற்றது.

வடிகட்டியை ஒரு செயலியின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் குறித்தால் அச்செயலிக்கு மட்டுமே பயன். 'கான்ஃப்' கோப்புறையிலுள்ள பொதுக் கோப்பில் குறித்து, அதன் நிரலையும் பொது இடத்தில் வைத்தால், வழங்கியிலுள்ள செயலிகள் அனைத்திற்கும் பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை: படிவத்தின் முதல் விவரம் படிக்கப்படுமுன் குறியாக்கம் அறிவிக்கப்படவேண்டும். பிந்தினால் பயனில்லை. ஆகவே, இவ்வடிகட்டி வரிசையில் முதலில் நிற்றல் வேண்டும்.

நாங்களும் அவ்வாறே செய்து வழங்கியை மீண்டும் இயக்கினோம். புதிய பெயர்கள் தெளிவாக வந்தன. முன்னர்ச் சிதைந்தவற்றை வடிகட்டி மீட்கவில்லை. பெற்றோரிடம் மீண்டும் கேட்டு எழுதினோம்.

2017இல் வந்த சர்வ்லெட் 4.0 இவ்வேலையை ஒற்றை வரி அமைப்பாக்கிவிட்டது. ஆயினும் அன்று கற்ற பாடம் மாறவில்லை. பிள்ளையின் பெயர் பிழையாக வந்தால் மொழியைக் குறை கூறாதீர்கள். வாசலில் என்ன அமைத்திருக்கிறோம் என்று முதலில் பாருங்கள்.