மன உறுதியா, முன்னேற்பாடா? நீரிழிவில் அன்றாடக் கட்டுப்பாடு குறித்த ஒரு மறுபார்வை

முன்னுரை

இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பயன் பற்றி மருத்துவ உலகில் ஐயமில்லை. பிரிட்டனில் நடந்த நெடுநாள் நீரிழிவு ஆய்வின் முடிவு 1998இல் வெளியானது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.9 சதவீதமாக இருந்த குழுவைவிட, 7.0 சதவீதமாக இருந்த குழுவில் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு கால் பங்கு குறைவு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் மருந்தும் அறிவுரையும் கிடைத்தவர்களிலும் பலருக்கு அளவு கட்டுக்குள் வருவதில்லை. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தாம் சிகிச்சையை முறையாகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது.

இந்த இடைவெளிக்கு நம் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: ‘வாயைக் கட்டத் தெரியவில்லை.’ இக்கட்டுரை அந்தக் காரணத்தை மறுக்கிறது. நீரிழிவில் கட்டுப்பாடு என்பது ஆசை எழும் கணத்தில் காட்டும் மன வலிமையைவிட, அந்தக் கணம் வருமுன் செய்துவைக்கும் ஏற்பாட்டையே பெரிதும் சார்ந்தது. அந்த ஏற்பாட்டில் குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் அரசுக்கும் பங்கு உண்டு. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பழியின் வரலாறு

1922இல் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்படும்வரை கடும் நீரிழிவுக்கு உணவைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினி முறையில், உணவை மீறுவது உயிரை இழப்பதாகவே முடியலாம். ஒழுக்கமும் உயிரும் அன்று உண்மையிலேயே பிணைந்திருந்தன. இன்சுலின் வந்தபிறகும் அந்த அறநோக்கு விலகவில்லை. பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் நீரிழிவோடு பல்லாண்டு நலமாக வாழ்ந்தவர்களுக்கு வெற்றிப் பதக்கமே வழங்கினார். நோக்கம் நல்லது. ஆனால் பாராட்டு ஒழுக்கத்துக்கு உரியதானால், சர்க்கரை ஏறும்போது பழியும் ஒழுக்கத்தின்மேல் விழும். பரிசோதனைத் தாளை நீட்டும்போதே தலைகுனிந்து நிற்கும் நோயாளி இந்தப் பார்வையின் வாரிசு.

ஒரே மனிதர், இரு கட்டுப்பாடுகள்

நம் சமூகத்துக்குக் கட்டுப்பாடு புதிதன்று. சபரிமலைக்கு மாலை போட்டவரை எண்ணிப் பார்க்கலாம். 41 நாள் விரதத்தில் விடியுமுன் குளிக்கிறார். கறி, மீன், மது, புகை எதையும் தொடுவதில்லை. வெறும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். அதே மனிதருக்கு நீரிழிவு இருந்தால், மாலையைக் கழற்றிய மறுவாரமே இரவில் ஐந்தாவது தோசையை மறுக்க முடிவதில்லை. மன உறுதி ஒருவரிடம் இருக்கும் நிலையான இருப்பு என்றால் இதை விளக்க முடியாது. மாறியது அவர் மனம் அன்று. அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு.

விரதத்தின் விதிகள் தெளிவானவை: கறி கூடாது என்றால் கூடாது, அளவு பற்றிய பேச்சே இல்லை. வீடு முழுவதும் அதற்கு இணங்குகிறது. சமையலறையில் மீன் சட்டி ஏறுவதில்லை. கழுத்து மாலையைப் பார்த்ததும் தெருவே ‘சாமி’ என்று அழைக்கிறது. மதுக்கடைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வழிகாட்டக் குருசாமி இருக்கிறார். முடியும் நாளும் தெரியும்.

நீரிழிவில் இவை எதுவும் இல்லை. ‘அரிசியைக் குறைங்க, நடங்க’ என்பதோடு அறிவுரை முடிகிறது. எத்தனை கரண்டி என்பதை ஒவ்வொரு வேளையும் அவரே முடிவு செய்ய வேண்டும். காலைக் காப்பியில் சர்க்கரை, நான்காவது இட்லி, பதினொரு மணி டீயோடு வடை, மதியம் இரண்டாம் முறை சோறு, உறவுக்காரர் வீட்டில் தட்டில் வைத்து நீட்டும் லட்டு என நாள் முழுவதும் தனியாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சித்த மருந்துக்குப் பத்தியம் இருந்து பழகிய மனம், ‘எப்போது முடியும்?’ என்று கேட்கிறது. இதற்கு முடிவு நாள் இல்லை.

ஆய்வுகள் காட்டுவது

மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சக்தி என்ற கருத்தை 1998இல் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தனர். 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறையச் சுழியமாக இருந்தது. இதைவிட முக்கியமான சான்று வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் 2012இல் வெளியிட்டது: தன்னடக்கம் மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் போராடுபவர்கள் அல்லர், அவர்களுக்கு அத்தகைய போராட்டமே குறைவாக நேர்கிறது. சோதனை வரும் இடத்துக்குப் போகாமலிருக்கும்படி அவர்கள் நாள் அமைந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 537 ஆண்களை இரு குழுவாகப் பிரித்தனர். தொடக்கத்தில் இரு குழுவுக்கும் ஒரே அறிவுரை. ஒரு குழுவுக்கு மட்டும் உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகள் கைபேசிக்குத் தொடர்ந்து வந்தன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்ற குழுவில் 18 சதவீதத்தினருக்கும், பெறாத குழுவில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்ததாக 2013இல் முடிவு வெளியானது. இரு குழுவினரின் ஒழுக்கமும் வேறுபட்டதன்று. ஒரு குழுவை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள், வேறுபாடு அவ்வளவே.

ஏற்பாடு எப்படி இருக்கும்?

‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டி முடிவு செய்வது பொதுவான உறுதிமொழியைவிட நன்றாக நிலைக்கும் என்று பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கினார். ‘தினமும் நடப்பேன்’ என்பது உறுதிமொழி. ‘இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடப்பேன்’ என்பது ஏற்பாடு. இதற்கு மருத்துவப் பயனும் உண்டு. நியூசிலாந்தில் நீரிழிவு உள்ள 41 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு முக்கிய உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தபோது, ஏதோ ஒரு நேரத்தில் முப்பது நிமிடம் நடந்ததைவிட உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் அந்தக் குறைவு 22 சதவீதம்.

சமையலறையிலும் இப்படியே. சோற்றுப் பாத்திரத்தைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே அளந்து போட்டுக்கொண்டு வந்தால், இரண்டாம் முறை சோறு என்ற கேள்வி அரிதாகிறது. கூட்டும் பொரியலும் தட்டில் பாதியை நிரப்பிய பிறகே சோறு என்றால் அதுவே அளவுகோலாகிறது. மாத்திரை டப்பா பல் துலக்கும் இடத்திலோ தட்டு அடுக்கும் இடத்திலோ இருந்தால், நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. இவை பழக்கமாவதற்குப் பொறுமை வேண்டும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஒரு கல்யாணச் சாப்பாட்டோடு ‘எல்லாம் போச்சு’ என்று கைவிடுபவர்களுக்கு இந்த முடிவை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

இது நோயாளியின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகாதா? ஆகாது. பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அதன் நேரம் மாறுகிறது. பசியோடு பஜ்ஜிக் கடை முன் நிற்கும் மாலை ஆறு மணிக்குப் பதில், அலுவலகத்துக்குச் சுண்டல் டப்பா எடுத்துவைக்கும் காலை ஏழு மணிக்கு அவர் பொறுப்பாளி ஆகிறார். அங்கே வெல்வது எளிது.

ஏற்பாடு செய்ய வசதி எல்லோருக்கும் உண்டா என்பது கடினமான கேள்வி. மாலை போட்ட கணவருக்காக வீட்டையே மாற்றும் மனைவிக்கு நீரிழிவு வந்தால் அவருக்காக யார் மாறுகிறார்கள்? எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் இரவு பத்து மணிக்கு, வீணாகக் கூடாதே என்று மிஞ்சிய சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொள்ளும் பெண்ணிடம் மன உறுதி பற்றிப் பேசுவது அநீதி. வீட்டில் முதலில் சாப்பிட வேண்டியவர் அவர். ரேஷனில் விலையின்றிக் கிடைப்பது அரிசி. காய்கறியைக் கைக்காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் தட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனை வரிசையில் காத்திருக்க ஒருநாள் கூலியை இழக்க வேண்டியவருக்கு அதுவே மிகப் பெரிய ஏற்பாடு. தட்டைப் பற்றியும் அரசு அவ்வாறே சிந்திக்க வேண்டும்.

கட்டுப்பாடு மிகுந்தாலும் ஆபத்துண்டு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி மயங்கி விழக்கூடும். பட்டினி கிடப்பது கட்டுப்பாடாகாது. எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல இன்சுலின் சுரக்கும் திறன் குறையலாம், மருந்து கூடலாம். ஊசிக்கு மாறுவது நோயின் போக்கு. அதைத் தண்டனையாகக் கருதித் தள்ளிப்போடுபவர்கள் கண்ணையும் காலையும் இழக்க நேரிடலாம்.

முடிவுரை

நீரிழிவில் கட்டுப்பாட்டை வளர்ப்பது மனத்தை இறுக்கும் பயிற்சி அன்று. ஒரு நாளில் எடுக்க வேண்டிய முடிவுகளைக் குறைக்கும் வேலை. இந்தப் பார்வையை ஏற்றால் மருத்துவ அறையின் உரையாடல் மாற வேண்டும். ‘ஏன் சர்க்கரை ஏறியது?’ என்ற விசாரணைக்குப் பதில், ‘எந்த வேளை உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?’ என்ற கேள்வி எழ வேண்டும். அந்த ஒரு வேளைக்கான ஒரே ஒரு ஏற்பாடு மருந்துச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். வீட்டில் சமைப்பவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேச வேண்டும். அடுத்த முறை அந்த ஏற்பாடு நடந்ததா, நடக்கவில்லையென்றால் எதை மாற்றலாம் என்று பார்க்க வேண்டும். தோற்றது ஏற்பாடு என்றால் அதைத் திருத்திக்கொள்ளலாம். தோற்றது தானே என்று நம்பவைக்கப்பட்டவர் மறுமுறை பரிசோதனைக்கே வருவதில்லை. நாம் இழந்துகொண்டிருப்பது அவர்களைத்தான்.