வெயிலில் வந்த குரல்

ஒளியில் பேச்சை அனுப்பும் வித்தைக்கு விதை விழுந்தது கடலடித் தந்திக் கம்பியில். அந்தக் கம்பியைச் சோதிக்க வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செலினியம் குச்சிகளை வைத்திருந்தார். அளவு நிலையாக நிற்கவே இல்லை. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறைந்தது, மூடிவைத்தால் கூடியது. 1873-இல் இதை வெளியிட்டார்.

தொலைபேசியால் பெயர் பெற்றுவிட்ட கிரகாம் பெல் இதைப் பிடித்துக்கொண்டார். 1880-இல் வாஷிங்டனில் அவருடைய கூட்டாளி சார்லஸ் சம்னர் டெயின்டர் பிராங்க்ளின் பள்ளி மாடியிலிருந்து பேசினார். 213 மீட்டர் தள்ளி, எல் தெரு ஆய்வகத்தில் பெல் கேட்டார். நடுவில் கம்பி கிடையாது. குரல் ஒரு மெல்லிய ஆடியின் முதுகில் மோத, ஆடி குழிந்தும் புடைத்தும் அதிர்ந்தது. அதில் பட்டுத் திரும்பிய வெயிலும் கூடிக் குறைந்தது. எதிர்முனையில் பரவளைய ஆடி, அதன் குவியத்தில் செலினியம், அதோடு மின்கலமும் தொலைபேசியும். இந்த ஃபோட்டோபோனைத்தான் தொலைபேசியைவிடப் பெரிதாக மதித்தார் பெல். இயற்பியல் நடத்துகிற எனக்கும் அதே எண்ணம்தான். பெல்லைத் தொலைபேசியோடு முடித்துவிடுகிறோமே என்பது என் தீராத ஆதங்கம்.

மேகம் மறைத்தால் பேச்சு நின்றது. ஒளிக்கென்று தனிப்பாதை தேவைப்பட்டது. கண்ணாடி இழையில் அனுப்பினாலோ சில மீட்டரிலேயே ஒளி மங்கிவிடும். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்த மாசில் என்று 1966-இல் காட்டினார் சார்லஸ் காவ். 1970-இல் கார்னிங் நிறுவனம் இழுத்த இழையில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி மிஞ்சியது. 1987-இல் சவுதாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினர் எர்பியம் கலந்த இழையால், ஒளியை மின்சாரமாக மாற்றாமலே பெருக்கினார்கள். 1988-இல் அட்லாண்டிக்கின் அடியிலும் ஒளியிழை ஓடியது.

பெல்லின் சோதனையை இன்று வகுப்பறை மேசையிலேயே செய்யலாம். செல்போன் பாட்டைச் சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக, எரிந்துகொண்டிருக்கும் எல்.இ.டி.யில் செலுத்துங்கள். எதிரே ஒரு சோலார் தகட்டை ஸ்பீக்கர் பெட்டியோடு இணையுங்கள். பாட்டு கேட்கும். குறுக்கே சீப்பை இழுத்தால் அறுபட்டு அறுபட்டு வரும். குழல்விளக்கைப் போட்டால் கூடவே ஓர் உறுமல். ஆசிரிய நண்பர்களே, மின்தடைப் பாடத்துக்கு முன்னால் ஒருமுறை இதைச் செய்து காட்டுங்கள். பெல்லோடு டெயின்டர் பெயரையும் சொல்லுங்கள்.