திரும்பும் தலை: காஞ்சிபுரத்து நெசவு வீடுகளும் பிரசவ நிலை பற்றிய ஒரு கோட்பாடும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் பெண்களின் வேலை பெரும்பாலும் தரையில் நடப்பது. தார் சுற்றுவதானாலும், அறுந்த இழையைப் பிணைப்பதானாலும், கோர்வைத் தறியின் ஓரத்தில் அமர்ந்து கரைக்கு நாடா எறிவதானாலும் உடல் முன்னோக்கியே குனிந்திருக்கும். நியூசிலாந்து மருத்துவச்சி ஜீன் சட்டன் 1990களில் பரப்பிய கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. கர்ப்பிணி சோபாவில் சாய்ந்தால் குழந்தையின் பிடரி தாயின் முதுகுப் பக்கம் சரியும், முன்குனிந்தால் வயிற்றுப் பக்கம் வரும் என்றார் அவர். “அந்தக் காலத்துல குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாங்க, சுகப்பிரசவம் ஆச்சு” என்று நம் பாட்டிமார் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். குழந்தையின் நிலை பிரசவத்தைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த நிலை தாயின் உட்காரும் பழக்கத்தால் அமைகிறது என்பதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

இடுப்பெலும்பின் மேல்வாய் பக்கவாட்டில் அகலமானது, கீழ்வாய் முன்பின்னாக அகலமானது. ஆகவே தலை இறங்கினால் மட்டும் போதாது, இறங்கும்போதே திரும்பவும் வேண்டும். தாடை மார்பில் படிய நன்கு குனிந்த தலை சுமார் 9.5 செ.மீ. விட்டத்தில் நுழைகிறது. பிடரி பின்னோக்கியிருந்தால் தலை முழுதும் குனிவதில்லை, விட்டம் 11.5 செ.மீ. வரை கூடுகிறது. கூடுவது இரண்டே சென்டிமீட்டர்தான். ஆனால் நீளும் பிரசவம், ஆயுதப் பிரசவம், ஆழமான கிழிசல் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. நெற்றி முன்வந்தால் விட்டம் 13 செ.மீ.யைத் தாண்டும். நிறைமாதக் குழந்தை அந்த நிலையிலேயே நின்றுவிட்டால் அறுவைதான் வழி. குறுக்காகக் கிடந்தாலும் அதுவே. இந்தக் கிடப்பைக் கதவின் குறுக்குத் தாழோடு ஒப்பிட்டுப் ‘பரிகம்’ என்று சுசுருத சங்கிதை குறித்திருப்பது, பார்த்துப் பழகியவர்களின் சொல்லாகவே படுகிறது.

பிரசவ வலி தொடங்கும்போது பிடரி பின்னோக்கியிருப்பது நூற்றில் 15 முதல் 30 பேருக்கு. பிறக்கும் நேரத்தில் அது ஐந்து பேர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மற்றவை வலியின் போக்கிலேயே திரும்பிவிடுகின்றன. சட்டனின் கோட்பாட்டை ஒட்டிய பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 2,547 பெண்களில் ஒரு பாதியினர் 37ஆம் வாரத்திலிருந்து தினமும் கையும் முழங்காலும் ஊன்றிப் பயிற்சி செய்தனர். பிறப்பின்போது பிடரி பின்னோக்கியிருந்தது அவர்களில் 8.1 விழுக்காடு, செய்யாதவர்களில் 7.8. தறியடியில் குனிவதில் வேறு நன்மைகள் இருக்கலாம். குழந்தையைத் திருப்புவது அவற்றில் ஒன்று என்பதற்குச் சான்றில்லை. அறுவையில் முடிந்த பெண்ணைப் பார்த்து “நீ ஒழுங்கா உட்காரலை” என்பது, அதனால், வெறும் பழி.

இனி, குழந்தையின் பிட்டம் கீழாக இருக்கும் பிட்ட நிலைக்கு வருவோம். 28ஆம் வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை தலை மேலாகத்தான் இருக்கும். நிறைமாதத்தில் அது 3 முதல் 4 விழுக்காடு. ஏழாம் மாத ஸ்கேனில் “குழந்தை திரும்பலை” என்று கேட்டதும் வீடே கலங்குகிறது, அப்போது திரும்பியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 36, 37ஆம் வாரத்துக்குப் பிறகும் திரும்பாவிட்டால், வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. 2000இல் லான்செட்டில் வந்த, 2,088 பெண்களைக் கொண்ட ஆய்வு பிட்ட நிலைக்குத் திட்டமிட்ட அறுவையே பாதுகாப்பு என்றது. அதன் பிறகு பிட்ட நிலைக் குழந்தைகளைப் பிறப்புவழியே எடுக்கும் கைப்பழக்கம் உலகெங்கும் குறைந்தது. அதே ஆய்வின் குழந்தைகள் இரண்டு வயதை எட்டியபோது, மரணத்திலும் நரம்பியல் வளர்ச்சிக் குறைவிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்தச் செய்தி முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை.

தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015–16இல் 34.1 விழுக்காடு, 2019–21இல் 44.9. பிட்டம், குறுக்கு, திரும்பாத பிடரி அனைத்தையும் கூட்டினாலும் இந்த எண்ணை எட்ட முடியாது. 2019–21இல் அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடாகவும் தனியாரில் 63.8 ஆகவும் இருந்த இடைவெளியையும் நிலையைக் கொண்டு விளக்க இயலாது. மருத்துவமனை மாறினால் குழந்தை வேறு மாதிரிக் கிடப்பதில்லையே. சிக்கலானவர்கள் பலர் அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, அறுவைக்குக் காட்டப்படும் “தலை இறங்கவில்லை” என்ற காரணம் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தீவிர வலிக் கட்டம் கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்த பின்பே தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வரையறுத்தது. அதற்கு முன்னரே எழுதப்படும் அந்தக் காரணம், திரும்ப நேரம் பெறாத தலையைப் பற்றியதாகவும் இருக்கலாம். பிரசவ அறையில் தொடர்ந்து உடனிருக்கும் ஒரு துணை சிசேரியனைக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வுகள் காட்டுகின்றன. விரிவு எத்தனை, வலி எத்தனை மணி நேரம், பிடரி எந்தப் பக்கம், உடனிருந்தவர் யார் என்ற நான்கும் ஒவ்வொரு அறுவைக் குறிப்பிலும் பதிவானால், காஞ்சிபுரத்திலேயே இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.