எண்ணும் அச்சும் பிரிந்த கதை: ஃபோர்ட்ரான் முதல் சி++23 வரை

2021 ஜூனில் ஐஃபோன் வைத்திருப்பவர்களிடையே ஓர் எச்சரிக்கை பரவியது. குறிப்பிட்ட ஒரு பெயர் சூட்டப்பட்ட வைஃபை இணைப்பில் சேர்ந்தால் போதும், கைப்பேசியின் வைஃபை வசதி முடங்கிவிடும். அணைத்துப் போட்டாலும் மீளாது. நெட்வொர்க் அமைப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால்தான் சரியாகும். அந்தப் பெயரில் இருந்தவை சதவீதக் குறிகளும் அவற்றை ஒட்டிய சில எழுத்துகளும் மட்டுமே: '%பி%எஸ்%எஸ்%எஸ்%எஸ்%என்'. அடுத்த மாதம் வந்த ஐஓஎஸ் 14.7 பதிப்பில் ஆப்பிள் இதைச் சரிசெய்தது. வைரஸ் எதுவும் நுழையவில்லை. வெறும் பெயராக எழுதிவைக்க வேண்டியதை, 'எப்படி எழுத வேண்டும்' என்ற கட்டளையாக நிரல் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு மதிப்பை ஓரிடத்திலும், அதை எந்த வடிவில் அச்சிட வேண்டும் என்ற குறிப்பை வேறோர் இடத்திலும் வைத்துவிட்டு, இரண்டும் பொருந்தும் என்று நம்புவது நிரலாக்கத்தின் மிகப் பழைய ஏற்பாடுகளுள் ஒன்று. கம்பைலர் உள்ள மொழிகளில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது, அதிலிருந்து விளைந்த பிழைகள் காலந்தோறும் எங்கெங்கே இடம் மாறின என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

தொடக்கம் 1957. ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு, 704 கணினிக்காக ஃபோர்ட்ரானை வெளியிட்டது. அதில் அச்சிடும் கட்டளை ஒரு வரியிலும், 'ஃபார்மேட்' என்னும் வடிவக் குறிப்பு வேறொரு வரியிலும் இருந்தன. ஐந்து இடம் கொண்ட முழு எண்ணுக்கு 'ஐ5'. எட்டு இடத்தில் மூன்று தசம இலக்கங்களுக்கு 'எஃப்8.3'. அறிவியலாளர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் முழு எண்ணுக்குரிய இடத்தில் தசம எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? இன்றைய ஜிஃபோர்ட்ரான் கம்பைலர்கூட, நிரல் ஓடத் தொடங்கி அந்த வரிக்கு வந்த பிறகுதான் 'முழு எண் எதிர்பார்த்தேன், தசம எண் வந்திருக்கிறது' என்று சொல்லி நிற்கும். எழுத்துகளை அச்சிடுவதும் அன்று எளிதாக இருக்கவில்லை. எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணி முன்னால் எழுத வேண்டும். ஓர் எண்ணிக்கை தவறினால் அடுத்து வரும் குறிப்புகள் எல்லாம் குழம்பும்.

இடம் போதாதபோது ஒவ்வொரு மொழியும் நடந்துகொள்ளும் விதத்தில் அதனதன் சுபாவம் தெரியும். நான்கு இலக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 12345 என்ற எண் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்ட்ரான் அங்கே நான்கு நட்சத்திரங்களைப் போடும். 1960இல் வணிகக் கணக்குகளுக்காக வந்த கோபாலில், நான்கு இலக்கம் என்று 'பிக்சர்' குறிப்புடன் அறிவித்த புலத்துக்கு அந்த எண்ணை மாற்றினால் முன் இலக்கம் உதிர்ந்து 2345 மட்டும் நிற்கும். சி மொழியோ குறிப்பிட்ட அகலத்தைக் குறைந்தபட்சம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டு 12345ஐ முழுதாக அச்சிடும். பக்கத்துப் பத்தி ஓர் இடம் தள்ளிப்போகும். மூன்றில் கோபாலின் வழிதான் ஆபத்தானது. நட்சத்திரத்தைப் பார்த்தவர் பிழை என்று உடனே அறிவார். கோணிய பத்தியைப் பார்த்தவர் முகம் சுளிப்பார். 2345ஐப் பார்க்கும் கணக்காளர் அதை அப்படியே கூட்டிவிடுவார்.

1970இல் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்தது என்று சொல்லலாம். அங்கே மதிப்பை ஒட்டியே, முக்காற்புள்ளி வைத்து அகலத்தையும் தசம இலக்கத்தையும் எழுதிவிடலாம். மாறி எந்த வகை என்று கம்பைலருக்குத் தெரியும். ஆகவே வடிவமும் வகையும் முரண்பட வழியே இல்லை. ஆனால் இது அந்த மொழி தன் 'ரைட்' கட்டளைக்கு மட்டும் கொடுத்துக்கொண்ட சலுகை. எத்தனை மதிப்பை வேண்டுமானாலும், எந்த வகையில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் அப்படியொரு கட்டளையை நிரலாளர் தாமாக எழுத முடியாது. தாம் உருவாக்கிய புதிய வகையை அதற்குக் கற்பிக்கவும் முடியாது.

பெல் ஆய்வகத்தில் பிறந்த சி நேர் எதிர்த் திசையில் போனது. உள்ளீடு, வெளியீடு எதையும் மொழிக்குள் வைக்காமல் நூலகத்துக்குத் தள்ளியது. மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு-வெளியீட்டு நூலகத்தின் வழியே வளர்ந்த 'பிரிண்ட்எஃப்', மற்ற செயற்கூறுகளைப் போலவே ஒரு செயற்கூறு. முதலில் வருவது வடிவச் சரம். பின்னால் எத்தனை மதிப்புகளும் வரலாம். சரத்தில் '%டி' இருந்தால் முழு எண், '%எஃப்' இருந்தால் தசம எண், '%எஸ்' இருந்தால் எழுத்துச் சரம். பின்னால் வந்தது உண்மையில் எந்த வகை என்று பிரிண்ட்எஃப்புக்குச் சொல்ல ஆள் இல்லை. அது சரத்தை மட்டுமே நம்பும்.

நம்பிக்கை பொய்த்தால் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். '%டி' என்று எழுதிவிட்டு 3.14ஐக் கொடுத்தால், பழைய 32-பிட் இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் 1374389535 என்ற எண் அச்சாகும். இது கண்டபடி வந்த எண் அல்ல. 3.14 எட்டு பைட்டுகளாக நினைவகத்தில் இருக்கிறது. முழு எண்ணைத் தேடும் பிரிண்ட்எஃப் அதன் முதல் நான்கு பைட்டுகளை மட்டும் எடுத்து எண்ணாகப் படிக்கிறது. அதே நிரலை 64-பிட் லினக்ஸில் ஓட்டினால் விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். அங்கே முழு எண்களும் தசம எண்களும் வெவ்வேறு ரெஜிஸ்டர்களில் பயணிக்கின்றன. பிரிண்ட்எஃப் கைவைக்கும் ரெஜிஸ்டரில் முன்பு எது மிச்சம் கிடந்ததோ அது அச்சாகிறது. நேற்று ஒரு விடை, இன்று வேறு விடை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர் தம் கணக்கைச் சந்தேகிப்பார். கோளாறு சதவீதக் குறிக்குப் பக்கத்து எழுத்தில் இருக்கும்.

32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மாறிய காலத்தில் இதே நோய் வேறு உருவில் வந்தது. 'லாங்' என்னும் வகை 64-பிட் லினக்ஸில் எட்டு பைட். 64-பிட் விண்டோஸில் நான்கே பைட். ஒரே வடிவச் சரம் ஓரிடத்தில் சரி, மறு இடத்தில் பிழை. சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம் புதிய குறியீடுகளையும், நிலையான அகலம் கொண்ட வகைகளுக்கான மேக்ரோக்களையும் சேர்த்தது. வேலை நடந்தது, நிரல் பார்க்கச் சகிக்கவில்லை. ஜிசிசி கம்பைலர் சரத்தையும் மதிப்புகளையும் ஒப்பிட்டு எச்சரிக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் சரம் நிரலில் எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருந்தால்தான் அந்தக் காவல் செல்லும். சரம் வெளியிலிருந்து வந்தால் கம்பைலரால் எதையும் ஒப்பிட முடியாது.

அந்த ஓட்டையைத்தான் 2000ஆம் ஆண்டில் தாக்குதல்காரர்கள் பயன்படுத்தினார்கள். அப்போது பரவலாக இருந்த டபிள்யூ.யூ-எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்ற சர்வரில், வெளியாள் அனுப்பிய சொற்கள் நேராக வடிவச் சரமாகப் போய்ச் சேர்ந்தன. பிரிண்ட்எஃப் குடும்பத்தில் '%என்' என்று ஒரு குறி உண்டு. அது அச்சிடுவதில்லை, இதுவரை எத்தனை எழுத்து அச்சானது என்ற எண்ணிக்கையை நினைவகத்தில் எழுதும். எழுத முடியும் என்றால் கைப்பற்றவும் முடியும். அச்சிடும் கட்டளை ஒன்று தொலைவிலிருந்து ஒரு கணினியையே பிடிக்கும் கருவியானது.

இதற்கு வெகு முன்பே, சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் அதற்கு வேறு பாதை தேடியிருந்தார். பெல் ஆய்வகச் சகாவான டக் மெக்கில்ராயின் யோசனைப்படி << என்ற குறியை வெளியீட்டுக்கு எடுத்துக்கொண்டார். எந்த வகையை அச்சிடுகிறோம் என்பதைக் கம்பைலரே பார்த்து, அதற்குரிய செயற்கூறைத் தேர்ந்துகொள்ளும். நிரலாளரின் சொந்த வகைக்கும் ஒரு செயற்கூறு எழுதிவிடலாம். பாஸ்கலின் பாதுகாப்பும் சி தந்த நூலகச் சுதந்திரமும் இங்கே கைகோத்தன.

ஆனால் வகை சரியானதும் வடிவம் பின்தங்கியது. ஓர் எண்ணைப் பதினாறடிமானத்தில் அச்சிடச் சொன்னால், திருப்பிச் சொல்லும்வரை பின்னால் வரும் முழு எண்கள் யாவும் பதினாறடிமானத்திலேயே வரும். அகலத்தைச் சொன்னாலோ, அது அடுத்த ஒரு மதிப்புக்கு மட்டும்தான். ஒரே குடும்பத்தில் இரண்டு சட்டம். எட்டு-பிட் முழு எண் வகை உள்ளூர எழுத்து வகையின் மறுபெயர் என்பதால், வெப்பநிலை 65 என்று வைத்து அச்சிட்டால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து வந்து நிற்கும். இந்த எரிச்சலால்தான் சி++ எழுதியவர்களில் பலர் பிரிண்ட்எஃப்பை விடவே இல்லை.

அடுத்த திருப்பம் டெம்ப்ளேட்கள். 1988இல் ஸ்ட்ரௌஸ்ட்ரப் வடிவமைப்பை முன்வைத்தார். 1991இல் சிஃபிரன்ட் 3.0 என்னும் சி++ கம்பைலர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அலெக்சாண்டர் ஸ்டெபனோவின் எஸ்.டி.எல். நூலகம் 1994இல் சி++ தரத்துக்குள் ஏற்கப்பட்டது. ஒரே நிரல் எல்லா வகைக்கும், வேகமும் குறையாமல். இதற்கு விலையும் இருந்தது. டெம்ப்ளேட் தனக்கு வரும் வகையிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று எங்கும் எழுதிவைப்பதில்லை. பொருந்தாத வகை வந்தால், நூலகத்தின் ஆழத்தில் எங்கோ ஒரு வரி உடையும்போதுதான் கம்பைலர் கத்தும்.

இணைப்புப் பட்டியல் ஒன்றை, வரிசைப்படுத்தும் 'சார்ட்' செயற்கூறிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள். அந்தச் செயற்கூறு இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கழித்துக் கணக்கிடும். இணைப்புப் பட்டியலில் அப்படிக் கழிக்க முடியாது. கம்பைலர் இதை இப்படிச் சொல்லாது. நிரலாளர் ஒருபோதும் திறந்திராத நூலகக் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் போட்டு, 'கழித்தல் குறிக்குப் பொருத்தமான எதுவும் இல்லை' என்று திரை நிறையப் புலம்பும். இன்றும் இத்தகைய செய்தியைப் படிக்க நல்ல வழி, நடுவிலுள்ள அடைப்புக்குறிக் காட்டைத் தாண்டி, தாம் எழுதிய கோப்பின் பெயர் வரும் வரியை முதலில் தேடுவது.

பிழைச் செய்தியே வெளியீடாக மாறிய கூத்தும் நடந்தது. 1994இல் எர்வின் உன்ரூ, சி++ தரப்படுத்தல் குழுவினரிடம் ஒரு சிறிய நிரலைக் காட்டினார். அது கம்பைல் ஆகவே ஆகாது; ஆனால் கம்பைலர் கக்கிய பிழைச் செய்திகளில் பகா எண்கள் வரிசையாக வந்தன. டெம்ப்ளேட்கள் கம்பைல் நேரத்திலேயே கணக்குப் போடவல்லவை என்பது இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிற்கால வடிவச் சரச் சோதனைக்கு விதை இங்கே விழுந்தது.

டெம்ப்ளேட் எதிர்பார்ப்புகளை வெளிப்படையாக எழுதவைக்கும் 'கான்செப்ட்' திட்டம் 2009 ஜூலையில், ஃபிராங்ஃபர்ட் கூட்டத்தில், வரவிருந்த தரத்திலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 2020ஆம் ஆண்டுத் தரமான சி++20இல்தான். இப்போது புதிய 'ரேஞ்சஸ்' வகை சார்ட், இணைப்புப் பட்டியலைக் கண்டதும் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று பெயர் சொல்லி மறுக்கிறது. பழைய சார்ட் இன்னும் பழைய புலம்பலோடுதான் இருக்கிறது.

வடிவச் சரத்தை மீட்டவர் விக்டர் ஸ்வெரோவிச். 2012இல் அவர் தொடங்கிய நூலகம், பைத்தானின் {} குறியீட்டை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கை வரம்பில்லாத டெம்ப்ளேட்கள் மூலம் ஒவ்வொரு மதிப்பின் வகையையும் கூடவே கொண்டுபோனது. வகையைச் சொல்ல எழுத்து தேவையில்லை. 65 என்ற எட்டு-பிட் எண்ணும் 65 என்றே வரும். 2019 ஜூலையில் கொலோன் நகரக் கூட்டம் இதைச் சி++20க்கு ஏற்றது. முதல் வடிவில் தவறான சரம், நிரல் ஓடும்போதுதான் பிடிபடும். 2021இல் அந்தச் சோதனை கம்பைல் நேரத்துக்கு நகர்த்தப்பட்டது. ஏற்கெனவே வெளிவந்த சி++20க்கும் அது பொருந்தும் என்று குழு முடிவு செய்தது. வெளியார் தரும் பெயரை வடிவச் சரமாக வைத்தால் இப்போது நிரல் கம்பைலே ஆகாது. வேண்டுமென்றே அப்படிச் செய்ய விரும்புவோர் தனிச் செயற்கூறைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சி++23இல் 'பிரிண்ட்' வந்தது. பாஸ்கல் 1970இல் சலுகையாகக் கொடுத்ததை, எல்லோருக்கும் உரிமையாகக் கொடுக்க அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. இதில் பெரும்பகுதி தொழில்நுட்பத் தடையால் போன காலம் அல்ல. பிரிண்ட்எஃப் 'போதும்' என்ற மனநிறைவால் போன காலம்.

தமிழ்த் தரவோடு வேலை செய்வோருக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்து மூன்று, யூனிகோட் குறிகள் ஐந்து, யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் பதினைந்து. பத்து இட அகலம் கேட்டால் பிரிண்ட்எஃப் பைட்டை எண்ணி, இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று ஒரு வெற்றிடமும் விடாது. நான்கு போதும் என்று வெட்டச் சொன்னால் 'த' முழுதாக வந்து, மகரம் முதல் பைட்டோடு அறுபட்டுத் திரையில் கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். சி++20இன் வடிவமைப்பு எழுத்துத் தொகுதிகளை எண்ணுவதால் மூன்று என்று சரியாகக் கொண்டு ஏழு வெற்றிடம் சேர்க்கும். ஆனால் டெர்மினல் எழுத்துருவில் 'மி'யும் 'ழ்'உம் எடுத்துக்கொள்ளும் அகலம் அந்தக் கணக்கில் இல்லை. நேர்கோட்டில் நிற்கும் தமிழ்ப் பட்டியல் வேண்டுவோர் வெற்றிடங்களை நம்பாமல், எச்டிஎம்எல் போன்ற அட்டவணை வடிவில் வெளியிடுவதே இப்போதைக்குப் பிழையற்ற வழி.