நடந்தவர் வீடு திரும்பினாரா?

தெருக்கள் எல்லாம் நேராக அமைந்து, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் வீட்டிலிருந்து புறப்பட்டு ஊரைச் சுற்றுகிறார். கிழக்கே ஒரு தெரு நடந்தால் ‘கி’, மேற்கே நடந்தால் ‘மே’, வடக்கே ‘வ’, தெற்கே ‘தெ’ என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டே போகிறார். மாலையில் அந்தச் சீட்டு மட்டும் உங்கள் கைக்கு வருகிறது. அதைப் பார்த்தே, நண்பர் வீடு வந்து சேர்ந்தாரா இல்லையா என்று சொல்ல முடியுமா?

முடியும். ‘கி’ எத்தனை, ‘மே’ எத்தனை என்று எண்ணுங்கள். ‘வ’ எத்தனை, ‘தெ’ எத்தனை என்றும் எண்ணுங்கள். இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் நண்பர் வீட்டில் இருக்கிறார். பள்ளிச் சிறுவனும் செய்துவிடுவான்.

இப்போது ஊரை மாற்றுவோம். இந்த ஊரிலும் ஒவ்வொரு முனையிலிருந்தும் நான்கு வழிகள் பிரிகின்றன. ஆனால் பிரிந்த வழிகள் மீண்டும் எங்குமே சந்திப்பதில்லை. மரத்தின் கிளைகளைப் போல விரிந்துகொண்டே போகின்றன. இங்கே ‘கி வ மே தெ’ என்று நடந்தவர் வீடு திரும்பமாட்டார். வந்த வழியே திரும்பி நடந்தால்தான் வீடு. ஆகவே சீட்டில் ‘கி’யும் ‘மே’யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் அடித்துவிட வேண்டும், ‘வ’வும் ‘தெ’யும் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. கடைசியில் சீட்டு வெறுமையானால் நண்பர் வீட்டில் இருக்கிறார். இதுவும் எளிதே.

மூன்றாவதாக ஓர் ஊர். அதன் அமைப்பை நமக்கு யாரும் வரைந்து காட்டவில்லை. “இன்ன இன்ன சுற்றுகளை எந்த முனையிலிருந்து நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள்” என்று ஒரு சிறு பட்டியல் மட்டும் தரப்படுகிறது. சில அடிகள், சில விதிகள், அவ்வளவுதான். இப்போது நண்பரின் சீட்டைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு பொதுவான முறை உண்டா?

1911ஆம் ஆண்டில் மாக்ஸ் டேன் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் எழுப்பிய கேள்வி இதுவே. ‘சொல் கணக்கு’ என்று இது பெயர் பெற்றது. நண்பரின் சீட்டில் உள்ள எழுத்துக் கோவையே இங்கு ‘சொல்’. ஊர் என்று நாம் சொன்னதைக் கணிதத்தில் ‘குலம்’ என்கிறோம்.

இயற்பியல் படித்தவர்களுக்குக் குலம் புதிதன்று. படிகங்களின் சமச்சீரை வகைப்படுத்தும்போது 32 புள்ளிக் குலங்களைப் பட்டியலிட்டு உருப்போடச் சொல்வார்கள், நானும் எம்.எஸ்ஸி. வகுப்பில் அப்படித்தான் உருப்போட்டேன். அவை ஒவ்வொன்றும் முடிவுறு குலம். ஒரு தாளில் பெருக்கல் அட்டவணை போட்டுவிடலாம். டேன் கேட்டதோ முடிவிலிக் குலங்களைப் பற்றி. அட்டவணைக்குத் தாள் போதாது. ஆகவே அவர் அட்டவணையை விட்டுவிட்டு வரைபடத்தை எடுத்தார். குலத்தின் உறுப்புகளைத் தெரு முனைகளாகவும், அடிப்படை நகர்வுகளைத் தெருக்களாகவும் வரையும் வழக்கத்தை 1878இல் ஆங்கிலேயர் ஆர்தர் கேலி தொடங்கி வைத்திருந்தார். டேன் பிறந்ததும் அதே 1878இல்தான் என்பது தற்செயல். ஆனால் அந்தப் படத்தை முடிவில்லாத குலங்களுக்கு வரைந்து, அதில் தூரம், பரப்பு, வளைவு ஆகியவற்றைத் தேடியவர் டேனே. இன்று ‘வடிவியல் குலக் கோட்பாடு’ என வழங்கும் துறை அங்குதான் வேர்விடுகிறது.

இரட்டை வடையும் எண்கோணமும்

டேனுக்கு இந்தக் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. கயிற்றில் போட்ட முடிச்சு அவிழுமா, ஒரு பரப்பின்மேல் சுற்றிய நூல் நழுவி ஒரு புள்ளியாகச் சுருங்குமா என்பன போன்ற வினாக்களில் அவர் ஈடுபட்டிருந்தார். ஓர் உளுந்து வடையின் மேற்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மீது நூலைத் துளையைச் சுற்றி வளைக்கலாம். துளைக்குள் விட்டு எடுத்தும் கட்டலாம். முதல் வகையைக் ‘கி’ என்றும் இரண்டாம் வகையை ‘வ’ என்றும் குறித்தால், ‘கி வ மே தெ’ என்ற சுற்று நழுவிச் சுருங்கிவிடும். அதாவது வடைக்குரிய குலம் நமது முதல் ஊரே.

இரண்டு வடைகளை ஒட்டவைத்தாற்போல் இரு துளைகள் இருந்தால்? அப்போது அடிப்படைச் சுற்றுகள் நான்கு. எதிர்த்திசைகளையும் சேர்த்து எட்டு. விதி ஒன்றே ஒன்று; அது எட்டு எழுத்து நீளமுள்ளது. அந்த ஊரின் படத்தை வரைந்தால், ஒவ்வொரு மனையும் எண்கோணமாக இருக்கும். ஒவ்வொரு முனையிலும் எட்டு எண்கோணங்கள் கூடும். தளத்தில் இது நடவாது. ஒழுங்கான எண்கோணத்தின் கோணம் 135 பாகை. இரண்டை வைத்தால் 270 பாகை ஆகிவிடும், மூன்றாவதற்கு இடமே இல்லை. எட்டு கூட வேண்டுமானால் கோணம் 45 பாகையாகச் சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்க இடம் தரும் வெளி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போல்யாயும் லோபசெவ்ஸ்கியும் கண்ட அதிபரவளையத் தளமே அது.

அந்தத் தளத்தில் டேன் ஓர் அழகான உண்மையைக் கண்டார். வீடு திரும்பும் எந்தச் சுற்றும், அது எவ்வளவு நீளமாயிருந்தாலும், எங்கேனும் ஓரிடத்தில் நடந்த வழியே உடனே திரும்பியிருக்கும். அல்லது ஏதோ ஓர் எண்கோணத்தின் பாதிக்கு மேற்பட்ட பக்கங்களைத் தொடர்ந்து கடந்திருக்கும். இது தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. சீட்டில் ஒரு மனையின் ஐந்து பக்கங்கள் தொடர்ந்து வந்தால் அவற்றை அடித்துவிட்டு, மறுபுறமாகச் செல்லும் மூன்று பக்கங்களை எழுதுங்கள். சொல் குறுகிவிட்டது. மீண்டும் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு எழுத்துகளாவது குறைவதால், 20 எழுத்துச் சொல் பத்து முறைக்குள் முடிவு காட்டிவிடும். வெறுமையானால் வீடு, மேலே குறுக்க வழியின்றி எழுத்துகள் மிஞ்சினால் வீடு இல்லை. 1912இல் வெளிவந்த இந்த உபாயத்துக்கு ‘டேன் நெறிமுறை’ என்று பெயர்.

பரப்புகளின் குலங்களுக்கு இது போதும். மற்றக் குலங்களுக்கு? டேனின் மாணவர் வில்ஹெல்ம் மாக்னஸ், ஒரே ஒரு விதி உள்ள எல்லாக் குலங்களுக்கும் சொல் கணக்கைத் தீர்க்கலாம் என்று 1932இல் காட்டினார். முன்னேற்றம் நன்றாகவே இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஆட்சி மாறியது.

டேன் யூதர். 1921 முதல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து பழைய கணித நூல்களை மூல மொழியிலேயே படித்து விவாதிக்கும் கூட்டம் ஒன்றை அங்கே அவர் ஆண்டுக்கணக்காக நடத்திவந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், முதல் உலகப் போரில் படையில் பணியாற்றியவர் என்ற காரணத்தால் 1935 வரை அவரை விட்டுவைத்தார்கள். பிறகு பதவி பறிபோயிற்று. 1938 நவம்பரில் யூதர்களை வேட்டையாடிய நாட்களில் அவரும் கைது செய்யப்பட்டார். அடைத்துவைக்க இடமில்லாததால் அன்று விடுவிக்கப்பட்டார் என்று அவருடைய நண்பர் கார்ல் லுட்விக் சீகல் பின்னர் கூறியிருக்கிறார். மனைவியுடன் டேன் தப்பினார். கோபன்ஹேகன் வழியாக நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகருக்குப் போய்ச் சேர்ந்து அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேக்குள்ளும் புகுந்தது.

மேற்கே கடல்வழி அடைபட்டிருந்தது. ஆகவே அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் கிழக்கே புறப்பட்டார். சுவீடன், மாஸ்கோ, சைபீரிய ரயில், ஜப்பான், பசிபிக் பெருங்கடல் என்று ஏறக்குறைய உலகையே சுற்றி 1941 தொடக்கத்தில் அமெரிக்கா அடைந்தார். வீடு திரும்பும் வழிகளைப் பற்றிக் கேட்டவருக்குத் திரும்ப வீடு இல்லாமற் போயிற்று. அமெரிக்காவிலும் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் நிலையான இடம் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் மூன்று கல்வி நிறுவனங்கள் மாறி, 1945இல் வட கரோலினா மலைப்பகுதியில் இருந்த பிளாக் மவுண்டன் என்ற சிறிய கலைக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஓவியர்களும் இசைக் கலைஞர்களும் நிறைந்த இடம் அது. கணித ஆசிரியர் அவர் ஒருவரே. கணிதத்தோடு தத்துவமும் கிரேக்கமும் கற்பித்தார், மாணவர்களைக் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போவார். 1952 ஜூனில் அங்கேயே காலமானார்.

முடியாது என்ற விடை

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1955இல் சோவியத் கணித அறிஞர் பியோத்தர் நோவிக்கோவ் தமது நீண்ட நிரூபணத்தை வெளியிட்டார். பொதுவான முறை இல்லை என்பதே முடிவு. இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற பொருளில் அன்று. இருக்கவே முடியாது என்ற பொருளில். குறிப்பிட்ட ஒரு குலத்தின் அடிகளையும் விதிகளையும் எழுதிக் காட்டி, அதன் சொற்களுக்கு எந்தக் கணிப்பொறியாலும் எக்காலத்தும் தவறாமல் தீர்ப்புச் சொல்ல இயலாது என்று அவர் நிறுவினார். அமெரிக்காவில் வில்லியம் பூனும் 1950களிலேயே தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நண்பர் உண்மையில் வீடு திரும்பியிருந்தால், பொறுமையுடன் விதிகளை எல்லா வகையிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தால் என்றாவது ஒருநாள் சீட்டு வெறுமையாகிவிடும். அவர் திரும்பவில்லை என்றால்தான் சிக்கல். நாம் தேடிக்கொண்டே இருப்போம். நாளை வெறுமையாகுமோ என்ற ஐயம் ஒருபோதும் தீராது. வந்தவரை அறிய வழியுண்டு. வராதவரை வரவில்லை என்று உறுதியாய் அறிய வழியில்லை.

அப்படியானால் டேனின் உபாயம் இரட்டை வடைக்கு மட்டுமே உதவும் ஒரு விந்தைதானா? 1987இல் மிகைல் குரோமோவ் எழுதிய ஒரு நெடுங்கட்டுரை இதற்கு விடை சொன்னது. ரஷ்யாவில் பிறந்து பாரிஸ் அருகே பணியாற்றியவர் இவர். 2009இல் ஆபெல் பரிசு பெற்றார். குலத்தின் ஊர்ப்படத்தில் மூன்று முனைகளை மிகக் குறுகிய வழிகளால் இணைத்து முக்கோணங்கள் வரையச் சொன்னார் குரோமோவ். முக்கோணம் எவ்வளவு பெரிதானாலும், ஒரு பக்கத்தில் நிற்பவர் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட அடிகளில் மற்ற இரு பக்கங்களில் ஒன்றைத் தொட்டுவிடலாமானால், அது ‘அதிபரவளையக் குலம்’. நமது சதுரத் தெரு ஊர் இதில் சேராது. அங்கே பெரிய முக்கோணத்தின் வயிறு அகன்றுகொண்டே போகும். மர ஊர் சேரும். இரட்டை வடை ஊரும் சேரும்.

சுற்றளவையும் பரப்பையும் வைத்தும் இதைச் சொல்லலாம். சதுர ஊரில் 40 அடிச் சுற்று 100 மனைகளை அடைக்கும்; 400 அடிச் சுற்றோ 10,000 மனைகளை அடைக்கும். சுற்று பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகிறது. அதிபரவளையக் குலத்தில் பரப்பும் ஏறக்குறைய பத்து மடங்குதான் ஆகும். இனி முக்கியமான செய்தி: எந்தக் குலங்களில் தக்க விதிகளைத் தேர்ந்து டேன் நெறிமுறையை நடத்த முடியுமோ, அவையே அதிபரவளையக் குலங்கள், ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. அது மட்டுமன்று. நீண்ட விதிகள் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதி ஒரு குலத்தை அமைத்தால், அது பெரும்பாலும் அதிபரவளையமாகவே அமையும் என்று குரோமோவ் கூறியதை ஓல்ஷான்ஸ்கி 1992இல் நிறுவினார். நோவிக்கோவ் காட்டிய தீராத குலங்கள் விதிவிலக்குகள். 1912இல் ஒரு தனி நிகழ்வுக்காகக் கண்ட உபாயம்தான் பொதுநிலைக்கு உரியதாக நின்றது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

டேன் 1911இல் கேட்டவை உண்மையில் மூன்று கேள்விகள். அவற்றுள் கடினமானது, இரண்டு பட்டியல்கள் தரப்பட்டால் இரண்டும் ஒரே குலத்தைக் குறிக்கின்றனவா என்பது. பொதுவாக இதற்கும் வழியில்லை. ஆனால் அதிபரவளையக் குலங்களில் ஒரு பெரும் பிரிவுக்கு ஸ்லில் செலா 1995இலும், அனைத்துக்கும் தாமனி, கிரார்தெல் ஆகிய இருவர் 2011இலும் வழி கண்டனர். நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்திருக்கிறது; அதிபரவளைய வடிவியலில் ஆழ்ந்த பணிகள் செய்த மகான் மகராஜ் என்ற ராமகிருஷ்ண மடத்துத் துறவிக்கு 2011இல் பட்நாகர் விருது வழங்கப்பட்டது.

எனினும், என் போன்ற படிக மாணவனுக்கும் புரியக்கூடிய ஒரு வினா இன்னும் விடையின்றி நிற்கிறது. நண்பர் வீடு வரவில்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றோமல்லவா? சதுர ஊரில் அவர் 7 தெரு கிழக்கே நிற்கிறார் என்போம். பத்து மணிக் குறிகள் மட்டுமே உள்ள ஒரு கடிகாரத்தை வைத்து, ‘கி’க்கு ஒரு குறி முன்னும் ‘மே’க்கு ஒரு குறி பின்னுமாக முள்ளை நகர்த்துங்கள். கடைசியில் முள் 7இல் நிற்கும். முடிவில்லாத ஊருக்கு, பத்தே நிலைகள் கொண்ட ஒரு முடிவுறு குலம் சாட்சி சொல்லிவிட்டது. இவ்வாறு வீடு வராத ஒவ்வொரு நடைக்கும் ஒரு முடிவுறு குலம் சாட்சியாகக் கிடைக்குமானால், அது எச்சமாய் முடிவுறும் குலம் எனப்படும். கனசதுரங்களை அடுக்கி அமைத்த தக்க வெளிகளில் இயங்கும் அதிபரவளையக் குலங்களுக்கு இந்தச் சாட்சி எப்போதும் உண்டு என்பது, டேனியல் வைஸ் இட்ட அடித்தளத்தின்மேல் இயன் ஏகல் 2012இல் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கிறது. முப்பரிமாண வெளிகளைப் பற்றிய பெரிய வினா ஒன்றும் அதனால் தீர்ந்தது.

எல்லா அதிபரவளையக் குலங்களுக்கும் அது உண்டா? உண்டு என்று நிறுவினார் எவரும் இல்லை. இல்லை என்று காட்டச் சாட்சியற்ற ஒரு குலம் போதும். அந்த ஒன்றையும் இதுவரை யாரும் எழுதிக் காட்டவில்லை.